கற்றாழை என்று எழுதியிருந்த தொட்டி

நேயர்களுக்கு வணக்கம். உங்கள் ஜன்னலோரத்திலோ மொட்டைமாடியிலோ சதைப்பற்றுள்ள செடி ஒன்றாவது இருக்கும். அதன் தொட்டியில் பெயர்ச்சீட்டும் செருகியிருக்கலாம். அந்தச் சீட்டை நம்பாதீர்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

சேலத்தில் இருக்கும் என் அத்தை, ஏற்காடு போய்த் திரும்பும்போது சாலையோரக் கடையில் சிறிய தொட்டி ஒன்று வாங்கினார். சீட்டில் 'கற்றாழை' என்று இருந்தது. ஓராண்டு பிள்ளைபோல் வளர்த்தார். சித்திரை வெயிலில் கையில் வேனல் கட்டி வந்தபோது, ஒரு மடலை அறுத்துச் சாற்றைத் தேய்த்துக்கொண்டார். அரை மணி நேரத்தில் முழங்கை வரை சிவந்து தடித்துவிட்டது. அரிப்பில் இரவெல்லாம் தூக்கமில்லை. "எனக்குக் கற்றாழை ஒத்துக்கொள்ளாது" என்று முடிவுகட்டி, நல்ல சோற்றுக்கற்றாழையைக்கூட அதன்பின் அவர் தொடவில்லை.

நான் போய், கையில் துணி சுற்றிக்கொண்டு மிச்ச மடலைக் கிழித்துப் பார்த்தேன். வழவழப்பான சோறு இல்லை. வெள்ளை நார் இழை இழையாக வந்தது. நுனியில் மரம்போல் இறுகிய கறுத்த முள். ரயில் பாதை ஓரம் வேலியாக நிற்குமே, அந்த ஆனைக்கற்றாழையின் கன்று! அதன் சாற்றில் கால்சியம் ஆக்ஸலேட் ஊசி ஊசியான படிகங்களாக இருக்கிறது. சேனைக்கிழங்கு நறுக்கினால் கை அரிப்பதும் அதே படிகத்தால்தான். அத்தையின் உடம்பில் குறையில்லை, சீட்டில்தான் குறை. போகிற இடமெல்லாம் சொல்கிறேன், இங்கும் சொல்கிறேன்: மடலைக் கிழித்துப் பாருங்கள். நார் வந்தால் ஆனைக்கற்றாழை. சோறு வந்தாலும் உடனே பூசிக்கொள்ள வேண்டாம். கற்றாழையில் 500க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு, எல்லாம் சோற்றுக்கற்றாழை அல்ல.

அடுத்தது கள்ளி. 'கேக்டஸ்' என்று விற்கும் செடிகளில் பல கேக்டஸே அல்ல. சதுரக்கள்ளி, திருகுகள்ளி எல்லாம் வேறு குடும்பம். கீறினால் பால் வடியும். அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. உடனே நிறையத் தண்ணீரில் கழுவி மருத்துவரிடம் போக வேண்டும். நம் ஊர்ப் பெயர்களும் இதில் உதவுவதில்லை. சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த உண்மையான கேக்டஸ், அதில் பால் இல்லை. இலை விளிம்பில் குட்டி போடும் ரணகள்ளி இரண்டு குடும்பத்திலும் சேராதது. முள்ளின் அடியைப் பாருங்கள்: பஞ்சு மெத்தைபோன்ற சிறு புள்ளியிலிருந்து முள் கிளம்பினால்தான் கேக்டஸ்.

'ஜேட்' என்று வாங்கி, இலையை மண்ணில் வைத்து வேர்விடவில்லையே என்று வருந்துபவர்கள் பலர். விரல்நகம் அளவு இலையும் செம்பழுப்புத் தண்டும் இருந்தால் அது போர்ட்டுலகேரியா, தென்னாப்பிரிக்காவில் யானைகள் மேயும் செடி. அதன் தண்டை ஒடித்து நடுங்கள். பெரிய கொழுத்த இலை கொண்ட கிராசுலாதான் உண்மையான ஜேட். அது ஒற்றை இலையிலிருந்தே துளிர்க்கும்.

அறிவிப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். பராமரிப்பைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், அவசியமானதை மட்டும் சொல்கிறேன். 'குட்டிக் கற்றாழை' என்று விற்கும் வெள்ளை வரிச் செடி பெரும்பாலும் ஹவார்த்தியா. சேலத்து மாடி வெயிலில் வைத்தால் செங்கல் நிறமாகிக் கருகிவிடும். வெளிச்சமுள்ள நிழலில் வையுங்கள். ஏற்காட்டு மூடுபனியில் வளர்ந்த எந்தச் செடியையும் இரண்டு வாரம் நிழலில் பழக்கிவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் காலை வெயில் காட்டுங்கள். கடையில் நிரப்பித் தரும் தேங்காய்நார்த் தூளை எடுத்துவிட்டு, செம்மண்ணும் ஆற்று மணலும் செங்கல் துண்டும் கலந்து நடுங்கள். தண்ணீர் விடுமுன் ஈர்க்குச்சி ஒன்றைத் தொட்டியின் அடிவரை குத்தி எடுங்கள். மண் ஒட்டிவந்தால் அன்று தண்ணீர் வேண்டாம். இலை சுருங்கினால் தாகம். மஞ்சளித்துக் குழைந்தால் தண்ணீர் மிகுதி. ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டிகளைத் தாழ்வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள். வணக்கம்.