மாரியில ஒரு டென்ட்

வணக்கம் நேயர்களே. என்னைப் பேசக் கூப்பிட்ட தம்பி, "அண்ணன், வின்டர் கேம்பிங் பத்தி ஏதாச்சும் சொல்லுங்க" எண்டார், எனக்குச் சிரிப்பு வந்திட்டு. மட்டக்களப்பில எங்க வின்டர்? தை மாசத்து வெள்ளாப்பில 22, 23 டிகிரிக்கு இறங்கினாலே நம்ம ஆக்கள் தலையைத் துவாயால சுத்திக்கிட்டு தேத்தண்ணிக் கடையில குந்திருவாங்க. நமக்கு இருக்கிறது மாரி. வாடைக்காத்தும் மழையும்.

பொத்துவில் பக்கத்து அறுகம்பே கடற்கரைக்கு ஆக்கள் வாறது ஏப்ரல் தொடக்கம் ஒக்டோபர் வரைக்கும்தான். அப்பதான் கச்சான் காத்து, சர்ஃப் பண்றவங்களுக்கு நல்ல அலை, ரோடு முழுக்க ஓட்டோ. மாரியில பாதிக் கடை பூட்டு. அதாலதான் நான் அப்ப போறன், என்னண்டா கரையில மனிசரை விட நண்டுதான் கூட.

ஒரு வருசம் பொங்கல் முடிஞ்சு நாலு பேரு ரெண்டு பைக்ல வெளிக்கிட்டம். மார்கழியிலயே போவம் எண்டுதான் பிளான், அம்மா விடல்ல. 2004 டிசம்பர் 26 பாத்த ஆக்களுக்கு மார்கழிக் கடல் வேற கடல், அதில நான் வாதாடப் போகல்ல. தையிலயும் "கடல்பக்கம் படுக்காத" எண்டு சொல்லித்தான் விட்டவ.

கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் எண்டு ஏ4 ரோட்டால போனா, மழை விட்ட நேரத்தில ரெண்டு பக்கமும் வயல் குடலைப் பருவத்தில நிக்கும், அந்தப் பச்சையைப் பாத்துக்கொண்டு ஓடினா பைக் மாட்டில போய் முட்டும், அவ்வளவு மாடு ரோட்டில. கோமாரிக்கு இங்கால ஒரு சின்னக் களப்பு கடலோட சேர்ற இடத்தில நிப்பாட்டினம். ஒரு பக்கம் களப்பு, மத்தப் பக்கம் கடல், நடுவில மேசை மாதிரி சமனா ஒரு மண் திட்டு. டென்ட் அடிக்க இதை விட இடம் வேணுமா எண்டு நினைச்சம்.

முதல்ல ஆணி நிக்கல்ல. டென்டோட தாற கம்பி ஆணி கடல் மண்ணில நிக்காது, வாடை ஒருக்கா அடிச்சா பிடுங்கிக்கிட்டு போயிரும். உரப்பைக்குள்ள மண்ணை நிரப்பி, கயித்தை அதில கட்டி, பையைத் தாட்டு விடணும். டென்ட் வாயைக் காத்து அடிக்காத பக்கம் திருப்பணும். விறகு ஈரம், நெருப்புப் பத்தாது, வீட்டில இருந்தே காஞ்ச தேங்காய்ப் பொச்சு கொஞ்சம் கட்டிக்கிட்டு போங்க. கடலுக்குள்ள மட்டும் இறங்காதீங்க, மாரியில கரையை அரிச்சு வைச்சிருக்கும், ரெண்டு எட்டு வைச்சா நிலம் இல்ல.

இப்பிடி நாங்க பாடுபட்டுக்கொண்டு நிக்கக்குள்ள, பக்கத்தில மீன்காரர்ட கொட்டிலான வாடியில வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழும்பி வந்தார். கொஞ்ச நேரம் பேசாம பாத்தார். மறுகா, "மனே, இதில படுக்காதீங்க, இது ஆத்துவாய்" எண்டார்.

எங்களுக்கு அது வெறும் மண். அவர்தான் விளங்கப்படுத்தினார். கோடையில அலை மண்ணைக் கொண்டந்து குமிச்சு வாயை அடைச்சிரும், மாரியில மழைத்தண்ணி எல்லாம் களப்புக்குள்ள வந்து ஏறும், வயல் தாழ்ற நிலை வந்தா ஆக்கள் கூடி வெட்டி விடுவாங்க, இல்லாட்டி அது தானாவே உடைக்கும். முதல்ல வாய்க்கால் அளவுதான் ஓடும், மறுகா ஓடுற தண்ணியே ரெண்டு பக்கத்து மண்ணையும் அரிச்சு அரிச்சு அகட்டும், கொஞ்ச நேரத்தில தோணி போற அகலம் வந்திரும். களப்புத் தண்ணி திட்டுக்கு ஒரு சாண் கீழதான் நிண்டது. அதை நாங்க போட்டோவே எடுத்திருந்தம், வடிவா இருக்கு எண்டு.

முணுமுணுத்துக்கொண்டு எல்லாத்தையும் கழட்டி, அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் வளந்து கிடந்த மேட்டில, வாடிக்குப் பக்கத்தில திரும்ப அடிச்சம். பத்து மணிக்கு மழை பிடிச்சுது பாருங்க, டென்ட் ஒழுகி, நாலு பேரும் வாடிக்குள்ள, வலைக்கு மேல படுத்தம். மீன் மணம் ரெண்டு நாளைக்குப் போகல்ல.

விடியக்குள்ள ஒரு இரைச்சல். கடல் எண்டு நினைச்சு எழும்பிப் பாத்தா, மண் திட்டு இல்ல. அந்த இடத்தால செம்மண் நிறத்தில தண்ணி கடலுக்கு ஓடுது, கரைமண் பாளம் பாளமா விழுது. ஒருத்தரும் பேசல்ல. எங்கட அடுப்புக்கல்லு இருந்த இடத்தைத் தேடினன், எதெண்டு பிடிபடல்ல.

பெரியவருக்கு அது ஒரு விசயமே இல்ல, வீச்சுவலையைத் தோளில போட்டுக்கொண்டு, "இப்ப பாருங்க, மீன் கிளம்பும்" எண்டு போனார். எங்க இருந்து வந்தாங்களோ தெரியா, கொஞ்ச நேரத்தில கரையில பத்துப் பதினைஞ்சு பேர் வலையோட. எட்டு மணிக்கு எங்கட சட்டியில மணலை மீனும் இறாலும் கொதிச்சுது, பாணும் இருந்தது.

உகந்தை முருகன் கோயிலுக்கும் போறதா இருந்தம், பாணமைக்கு அங்கால ரோடு சேறு எண்டாங்க, திரும்பிட்டம்.

வீட்டு வாசல்ல அம்மா கேட்டா, "கடல்பக்கம் படுத்தியாடா?"

"இல்லம்மா, ஒரு பெரியவர்ட வாடிக்குள்ள" எண்டன்.