கூச்சத்தை வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆராய்ச்சிக்கூடங்களில் பாதுகாப்பு அலுவலராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். உள்ளே பணிபுரிகிறவர்களுக்குப் பயிற்சி வகுப்புகள் உண்டு, ஒத்திகைகள் உண்டு. ஒரு மணி நேரமோ அரை நாளோ வந்துவிட்டுப் போகிற மாணவர்கள், பத்திரிகையாளர்கள், கருவி பழுதுபார்க்க வருகிறவர்கள் ஆகியோரிடம் உட்கார்ந்து பேச எனக்கு நேரம் வாய்த்ததே இல்லை. வாசலில் இரண்டு நிமிடம் கிடைக்கும், அவ்வளவுதான். அந்த இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாமல் போனதை இன்று சொல்லப்போகிறேன்.

ஒரு மழைநாள் பிற்பகல். மூன்றாம் மாடியில் எளிதில் தீப்பற்றும் கரைப்பான் இருந்த பெரிய குடுவை ஒன்று கீழே விழுந்து உடைந்தது. அபாய மணி ஒலித்தது. எல்லோரும் படிக்கட்டு வழியாக இறங்கி, வெளியே குறித்துவைத்திருந்த கூடுமிடத்தில் வந்து நின்றார்கள். வருகைப் பதிவேட்டைப் பிரித்து நான் பெயர்களை வாசித்தேன். அன்று வந்திருந்த பார்வையாளர்கள் பதினோரு பேர். பத்துக் குரல்கள் கேட்டன. பதினோராவது பெயரை மூன்று முறை கூப்பிட்டேன், பதில் இல்லை. உள்ளே வந்த நேரம் எழுதியிருந்தது. வெளியே போன நேரத்துக்கான கட்டம் காலியாக இருந்தது. தொலைபேசி எண் எழுத வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தார்.

மீட்புக் குழுவில் இருவர் காற்று உருளையை முதுகில் கட்டிக்கொண்டு, முகக்கவசத்தை இறுக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். ஒவ்வொரு அறையாகத் தேடினார்கள். மேசைகளுக்கு அடியில், கழிப்பறைகளில், பொருள் சேமிக்கும் அறையில். கீழே நின்ற எனக்கு அந்த இருபத்தைந்து நிமிடம் இன்றைக்கும் நெஞ்சில் இருக்கிறது. நாங்கள் தேடிய மனிதரோ ஒரு மணி நேரத்துக்கு முன்பே பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போயிருந்தார். மறுநாள் தொலைபேசியில் மிகவும் வருந்திச் சொன்னார்: "என்னை அழைத்தவர் யாருடனோ முக்கியமாகப் பேசிக்கொண்டிருந்தார். குறுக்கே போய்த் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று நினைத்தேன்."

பண்பான மனிதர். அது ஒரு வீடாக இருந்திருந்தால் அவர் செய்தது நல்ல நடத்தை. ஆய்வகத்தில் அதே நடத்தை இரண்டு பேரைக் கரைப்பான் ஆவி நிறைந்த மாடிக்கு அனுப்பிவிட்டது. அன்றிலிருந்து, பார்வையாளருக்கு ஆய்வகத்தில் பெரிய அபாயம் எது என்று யார் கேட்டாலும், அமிலத்துக்கும் நெருப்புக்கும் முன்னால் கூச்சத்தைத்தான் சொல்கிறேன்.

வருவதற்கு முந்தின நாளே இந்தக் கூச்சம் தொடங்கிவிடுகிறது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் அதை எதற்குச் சொல்ல வேண்டும் என்று இருந்துவிடுகிறார். கட்டாயம் சொல்ல வேண்டும். பல ஆய்வகங்களில் மீக்கடத்துக் காந்தங்கள், அதாவது மின்சாரம் தடையே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும் கம்பிச்சுருள் காந்தங்கள் இருக்கின்றன. கருவி வேலை செய்யாத நேரத்திலும், இரவில் விளக்கை அணைத்துப் பூட்டிய பிறகும், அவற்றின் காந்தப்புலம் அப்படியே இருக்கும். தரையில் கோடு போட்டு, பேஸ்மேக்கர் உள்ளவர்கள் தாண்டக் கூடாது என்று எழுதியிருப்பார்கள். சாவிக்கொத்து, கைக்கடிகாரம், வங்கி அட்டை எல்லாவற்றையும் வெளியே வைக்கச் சொல்வார்கள். 2001-இல் அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையின் எம்.ஆர்.ஐ. அறைக்குள் இரும்பு ஆக்சிஜன் உருளையை யாரோ கொண்டுவந்துவிட, காந்தம் அதைப் பறித்து இழுத்தது. உள்ளே படுத்திருந்த ஆறு வயதுச் சிறுவன் இறந்துபோனான். கர்ப்பமாக இருப்பவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள், படி இறங்க முடியாதவர்கள் ஆகியோரும் முன்கூட்டியே தனியாகச் சொல்லிவிடலாம். காரணம் கேட்டு யாரும் உங்களைத் துருவ மாட்டார்கள். எந்த அறையைத் தவிர்ப்பது, மணி அடித்தால் யார் துணைக்கு வருவது என்று திட்டமிடத்தான் அந்தத் தகவல்.

உடை விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். பாதம் முழுவதும் மூடிய காலணி, கணுக்கால்வரை மறைக்கும் உடை, கட்டிய கூந்தல், தொங்காத துணி. பருத்தி நல்லது. செயற்கை இழை தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

உள்ளே வந்ததும் எதையும் தொடாதீர்கள் என்பார்கள். குழந்தைக்குச் சொல்வதுபோல இருக்கிறது என்று சிலருக்கு மனம் சுருங்கும். காரணத்தைக் கேளுங்கள். 1879-இல் கான்ஸ்டன்டைன் ஃபால்பெர்க் என்ற வேதியியலாளர் ஆய்வகத்திலிருந்து போய்க் கையைச் சரியாகக் கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தார். ரொட்டி இனித்தது. சாக்கரின் என்ற செயற்கை இனிப்பு அப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எனக்கு அதைக் கேட்கும்போது வயிற்றைப் பிசையும். கையில் ஒட்டியிருந்தது இனிப்பாக இருந்ததால் அந்த மனிதர் பிழைத்தார். 1996-இல் அமெரிக்காவில் கேரன் வெட்டர்ஹான் என்ற பேராசிரியர், இரப்பர் கையுறை அணிந்து, முறைப்படிதான் வேலை செய்தார். டைமெத்தில் மெர்க்குரி என்ற பாதரசச் சேர்மம் சில சொட்டுகள் கையுறைமேல் சிந்தின. அந்தத் திரவம் இரப்பருக்குள் சில நொடிகளில் ஊடுருவிவிடும் என்பது அப்போது பரவலாகத் தெரிந்திருக்கவில்லை. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் பாதரச நஞ்சால் இறந்தார். நன்றாகப் படித்த, கவனமான ஒருவருக்கே இந்தக் கதி. அதனால்தான் மேசையின் ஓரத்தில் கூடக் கை வைக்க வேண்டாம் என்கிறோம். தண்ணீர்க் குப்பி, மிட்டாய், உதட்டுப் பூச்சு எல்லாம் வெளியே இருக்கட்டும்.

இன்னொன்றையும் கவனித்துப் பாருங்கள். பழகிய ஆய்வாளர் கதவைத் திறக்கும்போது ஒரு கையின் கையுறையைக் கழற்றிவிட்டு, வெறுங்கையால் பிடியைத் தொடுவார். மற்றக் கையில் குடுவை இருக்கும். அந்தக் கதவுப்பிடியை அடுத்துத் தொடப்போகிறவர் உங்களைப் போன்ற ஒருவர் என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்.

நச்சு ஆவிகளை உறிஞ்சி வெளியேற்ற, முன்பக்கம் கண்ணாடிக் கதவு வைத்த பெரிய கூண்டு ஒன்று இருக்கும். ஃப்யூம் ஹூட் என்று சொல்வார்கள். அது காற்றை உள்ளே இழுக்கும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ அரை மீட்டர்தான். நாம் விறுவிறுவென்று நடக்கும் வேகம் அதைவிட அதிகம். பக்கத்தில் வேகமாக நடந்து போனால், பின்னால் எழும் காற்றோட்டம் உள்ளேயிருக்கும் ஆவியை வெளியே இழுத்துவிடும். நன்றாகப் பார்க்க வேண்டும் என்று முகத்தைக் கிட்டே கொண்டுபோகவும் வேண்டாம். தள்ளி நில்லுங்கள்.

அடுத்து வருவதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். திரவ நைட்ரஜன். பார்வையாளர்களுக்கு மிகவும் பிடித்த காட்சி இது. கலனைத் திறந்ததும் வெள்ளைப் புகை வழிந்து தரையெல்லாம் பரவும். பிள்ளைகள் கையை நீட்டுவார்கள். புகையாகத் தெரிவது காற்றிலிருந்த நீராவி குளிர்ந்து உண்டான மூடுபனி. நைட்ரஜன் கண்ணுக்குத் தெரியாது. மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் அந்தத் திரவம் தோலைக் கருக்கிவிடும் என்பது எல்லோரும் கேள்விப்பட்டதுதான். நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாக விரிகிறது. மூடிய அறையில் அவ்வளவு நைட்ரஜன் பெருகும்போது, நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் விலகிப் போகிறது.

காற்றில் சுமார் 21 சதவீதம் ஆக்சிஜன். அது 19.5-க்குக் கீழே இறங்கினால் அபாய எல்லை என்று வைத்து, சுவரில் மாட்டிய கருவி ஒலியெழுப்பும். அந்தக் கருவி ஏன் வேண்டும், மூச்சுத் திணறினால் நமக்கே தெரியாதா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். தெரியாது. மூச்சு முட்டுகிறது என்று உடல் தவிப்பது, பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு உள்ளே தேங்குவதால். நைட்ரஜனைச் சுவாசிக்கும்போது கார்பன் டை ஆக்சைடு வழக்கம்போல வெளியேறிவிடும். ஆகவே தவிப்பு இல்லை, இருமல் இல்லை, வாசனையும் இல்லை. ஆக்சிஜன் மிகவும் குறைந்துபோன இடத்தில் ஓரிரு மூச்சிலேயே நினைவு தப்பி விழுந்துவிடுவார்கள். விழுந்தவரைக் கண்டு பதறி ஓடுகிறவரும் அவர் பக்கத்திலேயே விழுவார். இந்தத் தொழிலில் இரட்டை மரணங்கள் இப்படித்தான் நேர்கின்றன. யாராவது விழுந்து கிடப்பதைக் கதவுக் கண்ணாடி வழியே பார்த்தால், உள்ளே போகாதீர்கள். இதைச் சொல்வது எனக்கே எளிதாக இல்லை, ஆனாலும் சொல்கிறேன்: போகாதீர்கள். உரக்கக் கத்துங்கள், அபாயப் பொத்தானை அழுத்துங்கள், காற்றுக் கவசம் உள்ளவர்களை வரவழையுங்கள்.

லிஃப்ட் கதவு திறக்கிறது, உள்ளே ஆள் யாரும் இல்லாமல் ஒரு நைட்ரஜன் கலன் மட்டும் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடம் இருக்கிறதே என்று ஏறிவிடாதீர்கள். இடையில் லிஃப்ட் நின்றுவிட்டால் அந்தச் சிறு பெட்டிக்குள் காற்று கெட்டுவிடும் என்பதால்தான் கலனைத் தனியாக அனுப்புகிறார்கள். ஒருவர் ஏற்றிவிடுவார், இன்னொருவர் மேல்மாடியில் காத்திருந்து இறக்கிக்கொள்வார்.

கண்ணைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஒரு முறை பார்வையாளர் ஒருவர் பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். எங்கிருந்தோ ஒரு துளி தெறித்தது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, "ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை" என்றார். தன்னை அழைத்தவருக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமே என்ற கவலை அவருக்கு. கையைப் பிடித்துக் கண் கழுவும் தொட்டிக்குக் கொண்டுபோனேன். மூடியைத் தட்டியதும் இரண்டு தாரைகளாக நீர் எழும்பியது. இமை தானாக மூடிக்கொள்ளும், அதுதான் இயல்பு. இரண்டு விரலால் இமையைப் பிரித்துப் பிடித்து, கருவிழியை மேலும் கீழும் பக்கவாட்டிலும் சுழற்றச் சொல்ல வேண்டும். அரை நிமிடத்தில் "போதும்" என்றார். கடிகாரத்தைக் காட்டினேன். குறைந்தது 15 நிமிடம். சட்டைக் கழுத்து முழுக்க நனைந்து, குளிரில் தாடை நடுங்க, என் தோளைப் பிடித்துக்கொண்டு 15 நிமிடமும் நின்றார். அதன் பிறகு மருத்துவமனை. அது நீர்த்த காரக் கரைசல் என்று பிறகு தெரிந்தது. காரம் கண்ணுக்குள் ஊறிக்கொண்டே போகும், அமிலத்தைவிட ஆழமாகப் போகும். நல்லவேளை, அவருக்குப் பார்வை போகவில்லை.

மேலெல்லாம் ரசாயனம் கொட்டினாலும், உடையில் தீப்பிடித்தாலும் அவசர ஷவர். கைப்பிடியை இழுத்தால் அருவிபோல் கொட்டும். ரசாயனம் பட்ட உடையை அங்கேயே, தண்ணீருக்குக் கீழேயே களைந்துவிட வேண்டும். நாலு பேர் முன்னால் எப்படி என்று தயங்கிய நொடிகளில் தோல் வெந்துகொண்டிருக்கும். சுற்றி இருப்பவர்கள் போர்வையைப் பிடித்து மறைப்பார்கள், அதற்கும் பயிற்சி பெற்றவர்கள்தான். 2008 டிசம்பரில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில், காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் திரவம் சிந்தி, 23 வயது ஆய்வு உதவியாளர் ஒருவரின் உடையில் தீப்பற்றியது. மேலங்கி அணிந்திருக்கவில்லை. ஷவருக்கடியில் அவரைக் கொண்டுபோகவும் இல்லை. 18 நாட்களுக்குப் பிறகு இறந்துபோனார். அதையொட்டி நடந்த வழக்குக்குப் பின்புதான் பல ஆய்வகங்கள் விழித்துக்கொண்டன.

லேசர் அறைக்கும் கதிரியக்க அறைக்கும் ஒரே வார்த்தை: வாசலில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் கதவைத் திறக்காதீர்கள். அகச்சிவப்பு லேசர் கண்ணுக்குத் தெரியாது, அதனால் கண் சிமிட்டித் தற்காத்துக்கொள்ளவும் முடியாது.

இனி மணி. அபாய மணி அடித்ததும் பார்வையாளர்கள் என்ன செய்கிறார்கள் என்று பல ஒத்திகைகளில் பார்த்திருக்கிறேன். தம்மை அழைத்தவரின் முகத்தைப் பார்க்கிறார்கள். அவர் பேச்சை முடிக்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். அவரோ, விருந்தாளி முன்னால் பதறுவானேன் என்று இன்னும் ஒரு வாக்கியம் பேசுகிறார். நீங்களே முதலில் எழுந்துகொள்ளுங்கள். பை, மடிக்கணினி, குடை எதுவும் வேண்டாம். லிஃப்ட் வேண்டாம். மூடிய கதவைத் திறக்கும் முன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள்; சுட்டால் வேறு வழி. புகை இருந்தால் குனிந்து, தரையை ஒட்டிப் போங்கள். தீயணைப்புக் கருவியைத் தூக்குவது உங்கள் வேலை இல்லை. வாயுக் கசிவு என்று அறிவித்தால், காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கம் நகர்ந்து நில்லுங்கள். இதற்கெல்லாம் உதவியாக, ஆய்வகத்துக்குள் நுழைந்தவுடனேயே மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள்: அருகிலுள்ள இரண்டு வெளிவாசல்கள் எங்கே, கண் கழுவும் தொட்டி எங்கே, எல்லோரும் கூடும் இடம் எது? கேட்டதற்காக எந்த ஆய்வாளரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

கூடுமிடத்துக்கு வந்த பிறகு உங்கள் பெயரை ஒருவர் வாசிப்பார். கேட்கும்படியாகப் பதில் சொல்லுங்கள். போகலாம் என்று சொல்லும்வரை அங்கேயே இருங்கள்.

மணி எதுவும் அடிக்காமல், நல்லபடியாகச் சுற்றிப் பார்த்து முடித்த நாளிலும் புறப்படும்போது சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். உங்களை அழைத்தவர் யாரோடு பேசிக்கொண்டிருந்தாலும் சரி, குறுக்கே போய் "நான் கிளம்புகிறேன்" என்று சொல்லுங்கள். வந்த வாசல் வழியாகவே வெளியே வாருங்கள். அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பதிவேட்டில் உங்கள் பெயருக்கு நேரே உள்ள கடைசிக் கட்டத்தில் மணி பார்த்து நேரத்தை எழுதுங்கள்.

வணக்கம்.