ஃபுட் பேக்கிங் இல்ல, ஃபீல்ட் பார்க்

(ரெண்டாம் உலகப்போர்ல பட்டாளத்துக்குப் போன நம்ம வீட்டுப் பெரியவங்களைப் பத்தி எப்படித் தேடறதுன்னு, போன ஞாயித்துக்கிழமை எக்மோர்ல ஒரு சின்ன ஹால்ல பேசினது. வந்தவங்க எழுதிக் குடுங்கன்னு கேட்டதால பேசின மாதிரியே டைப் பண்ணியிருக்கேன்.)

எல்லாருக்கும் வணக்கம். லீவு நாள் சாயங்காலம் இவ்வளவு பேர் வந்திருக்கீங்க, பாதிப் பேர் கையில பழைய போட்டோவோ மக்கிப்போன பேப்பரோ இருக்கு, அதைப் பார்க்கும்போதே எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு. நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

எங்க அம்மாவோட அப்பா வந்தவாசி பக்கம் ஒரு கிராமத்துக்காரர். 1942ல பட்டாளத்துல சேர்ந்தார், 1946ல திரும்பி வந்தார், அப்புறம் பெரம்பூர் ரயில்வே லோகோவுல வேலை, அயனாவரத்துல ஒண்டுக்குடித்தனம். எனக்கு ஆறு வயசு இருக்கும்போது தவறிட்டார். அவரோட மிலிட்டரி வாழ்க்கையைப் பத்தி எங்க வீட்ல இருந்தது ஒரே வரிதான், "தாத்தா பட்டாளத்துல சாப்பாட்டு டிபார்ட்மென்ட்டு". ஏன்னா அவர் தன்னை சாப்பர்னு சொல்லிப்பார், பாட்டி காதுல அது சாப்பாடுன்னு விழுந்திருக்கு. அதுக்கு மேல எங்க பெரிய மாமா, வீட்லயே முதல்ல இங்கிலீஷ் படிச்சவர், அவர் டிஸ்சார்ஜ் பேப்பரைப் பார்த்திருக்கார், அதுல 11ன்னு ஒரு நம்பர், பக்கத்துல எஃப்.டி, பி.கே, சி.ஓ.வொய்னு எழுத்து. எஃப்.டி.ன்னா ஃபுட், பி.கே.ன்னா பேக்கிங்னு அவரா முடிவு பண்ணிட்டார். முடிஞ்சுது. அதுக்கப்புறம் கல்யாணம் காதுகுத்துல யாராவது "உங்க தாத்தா சண்டைக்குப் போனவராமே"ன்னு கேட்டா, "அட சண்டைக்கெல்லாம் போகலீங்க, அரிசி மூட்டை கட்டினார்"னு எங்க வீட்டு ஆளுங்களே சொல்லுவாங்க. அவர் உயிரோட இருந்தப்பவும் சொல்லியிருக்காங்க. அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசினது இல்லையாம்.

மூணு வருஷம் முன்னாடி அம்மா இருந்த வீட்டை பில்டர் கிட்ட குடுத்தாச்சு, காலி பண்ணும்போது பரண் மேல இருந்து தாத்தாவோட ட்ரங்க் பெட்டி இறங்குச்சு. உள்ள அந்த பேப்பர், ஒரு குரூப் போட்டோ, வட்டமா ஒரு மெடல், ஆறு முனை வச்ச நட்சத்திரம் ஒண்ணு. இன்னொரு நட்சத்திரமும் இருந்துச்சுன்னு அம்மா சொன்னாங்க. "ஈயம் பித்தாளைக்குப் பேரீச்சம்பழம்"னு தெருவுல கூவிட்டு வருவாங்கல்ல, வீட்ல பண்டம் எதுவும் இல்லாத ஒரு நாள் பாட்டி அதைத் தூக்கி அந்த ஆள்கிட்ட போட்டுட்டாங்களாம். அந்தப் பழத்தைத் தானும் தின்னேன்னு சொல்லும்போது அம்மாவால அழுகையை அடக்க முடியல. அம்மாவுக்கு அப்ப அஞ்சு வயசு.

மிச்சம் இருந்த நட்சத்திரம் கருப்பேறிக் கிடந்துச்சு. அம்மா குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளி கரைச்சு எடுத்துட்டே வந்துட்டாங்க, நான்தான் கையைப் புடிச்சு நிறுத்தினேன். நீங்களும் தயவுசெஞ்சு தேய்க்காதீங்க, தேய்ச்சா எழுத்தும் சேர்ந்து போகும். ரூம் லைட்டை அணைச்சுட்டு செல்போன் டார்ச்சை பக்கவாட்டுல சாய்ச்சுப் புடிச்சா போதும். நடுவுல ராஜாவோட முத்திரை, மேல கிரீடம், சுத்தி ஒரு வளையம், அந்த வளையத்துல மெல்ல மெல்ல எழுத்து எழும்பி வந்துச்சு. தி இட்டாலி ஸ்டார்.

வந்தவாசிக்காரர் இத்தாலியில!

ரெண்டாம் உலகப்போர் நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே அச்சுதாங்க, அந்த வளையத்துல இருக்கிற பேரும் ரிப்பன் கலரும்தான் மாறும். ஆஃப்ரிக்கா ஸ்டார்னா வட ஆஃப்ரிக்கா, எரித்ரியா பக்கம், பர்மா ஸ்டார்னா ஜப்பான்காரனை எதிர்த்து நின்னது, இட்டாலி ஸ்டார் 1943 ஜூன்ல இருந்து 1945 மே வரைக்கும். வட்ட மெடல்ல ஒரு பக்கம் சிங்கம் ரெண்டு தலை டிராகனை மிதிச்சுட்டு நிக்குதுன்னா அது வார் மெடல், இந்தியா மேப் இருந்தா இந்தியா சர்வீஸ் மெடல். ஆனா ஒண்ணு, நட்சத்திரம் ஆள் எங்க போனார்னுதான் சொல்லும், என்ன பண்ணினார்னு சொல்லாது. சமையல்காரருக்கும் அதே நட்சத்திரம்தான். அதனால நான் அந்த பேப்பருக்குத் திரும்பினேன், மேல மடிப்புல மறைஞ்சிருந்த வரியை அப்பதான் படிச்சேன், குயின் விக்டோரியாஸ் ஓன் மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்.

சாப்பர்ஸ்னா ராணுவத்தோட இன்ஜினியர் படை. 1780ல நம்ம செயின்ட் ஜார்ஜ் கோட்டையில ரெண்டு கம்பெனியா ஆரம்பிச்சது, இன்னைக்கு பெங்களூர்ல மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்னு இருக்கு, ராணுவத்துல அவங்களைச் செல்லமா கூப்பிடுறதே தம்பின்னுதான். முள்வேலியை வெடிச்சுத் திறக்கிற நீளமான பைப் குண்டு, பெங்களூர் டார்பிடோன்னு உலகம் பூரா பேரு, அது 1912ல இவங்க கிட்ட இருந்த ஒரு கேப்டன் கண்டுபிடிச்சது. படை முன்னேறினா இவங்க எல்லாருக்கும் முன்னாடி போகணும், கண்ணிவெடி எடுக்கணும், ஆத்துல பாலம் போடணும். படை பின்வாங்கினா எல்லாரும் போனப்புறம் கடைசியா நின்னு அதே பாலத்தை வெடி வச்சு உடைச்சுட்டு வரணும். போகும்போது முதல் ஆள், வரும்போது கடைசி ஆள், அதுதாங்க சாப்பர்.

எஃப்.டி. பி.கே. சி.ஓ.வொய்.ன்னா ஃபீல்ட் பார்க் கம்பெனி. டிவிஷன்னா பல ஆயிரம் பேர் இருக்கிற பெரிய படைப்பிரிவு, ஒரு டிவிஷனுக்கு மூணு ஃபீல்ட் கம்பெனி, ஒரு ஃபீல்ட் பார்க் கம்பெனி. ஒர்க்ஷாப், புல்டோசர், பாலம் போடற சாமான் எல்லாம் பார்க் கம்பெனி பொறுப்பு. மாமா சொன்னதுல பாதி சரி, சாமான் இருந்துச்சு, ஆனா அது அரிசி பருப்பு இல்ல, பெய்லி பாலத்தோட இரும்பு பேனல். ஒரு பேனல் பத்தடி நீளம், அஞ்சடி உயரம், கால் டன்னுக்கு மேல கனம், ஆறு பேர் கட்டை குடுத்துத் தூக்கணும், இருட்டுல, குளிர்ல, சில நேரம் எதிரி குண்டு விழற இடத்துல, ஒண்ணோட ஒண்ணைக் கோத்து உருளை மேல வச்சு ஆத்துக்கு அந்தப் பக்கம் தள்ளணும். அந்தத் தோளைத்தான் நாங்க மூட்டை கட்டின தோள்னு சொல்லிட்டு இருந்தோம்.

11வது ஃபீல்ட் பார்க் கம்பெனி நாலாவது இந்தியன் டிவிஷனைச் சேர்ந்தது, சிவப்புக் கழுகு சின்னம். குரூப் போட்டோவுல தாத்தா தோள்ல ஒரு பறவை இருக்கு, கிளின்னு சித்தி சொல்லிட்டிருந்தாங்க, லென்ஸ் வச்சுப் பார்த்தா வளைஞ்ச அலகு, விரிச்ச றெக்கை. கழுகு.

இங்க நான் கத்துக்கிட்ட பெரிய பாடம், ஆளோட பேரைத் தேடிட்டு இருக்காதீங்க, கம்பெனி நம்பரைத் தேடுங்க. ஏன்னா ஒவ்வொரு யூனிட்டும் மாசாமாசம் வார் டயரின்னு எழுதி அனுப்பணும், இடம், தேதி, நேரம், என்ன நடந்துச்சுன்னு. அதுல ஆஃபீசர் பேருதான் வரும், சாதா சிப்பாய் எல்லாம் வெறும் எண்ணிக்கை, ஐ.ஓ.ஆர். இத்தனை பேர்னு. ஐ.ஓ.ஆர்.னா இந்தியன் அதர் ரேங்க்ஸ். லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில இந்தியா ஆஃபீஸ் ரெக்கார்ட்ஸுக்கும் அதே மூணு எழுத்துதான், நான் ஒரு வாரம் இதுல குழம்பிட்டேன். டயரிகள்ல நிறைய லண்டன்ல கியூங்கிற இடத்துல இருக்கிற நேஷனல் ஆர்க்கைவ்ஸ்ல இருக்கு, மத்தியக் கிழக்கு, ஆஃப்ரிக்கா பக்கம்னா டபிள்யூ.ஓ. 169ங்கிற ஃபைல் வரிசை, பர்மா பக்கம்னா டபிள்யூ.ஓ. 172. உங்க ஆள் போர்லயே இறந்திருந்தா காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தோட சைட்ல இலவசமா தேடலாம், நந்தம்பாக்கம் கல்லறையைப் பராமரிக்கிறதும் அவங்கதான். நம்ம ஆளுங்க நிறையப் பேரைத் தகனம் பண்ணினதால கல்லறை இருக்காது, நினைவுச்சுவர்ல பேர் இருக்கும், கல்லறை இல்லையேன்னு விட்டுடாதீங்க.

திரும்பி வந்த ஆள்னா அவரோட ரெஜிமென்ட் ரெக்கார்ட் ஆஃபீஸுக்கு லெட்டர் போடணும், சாப்பர்ஸுக்கு அது பெங்களூர். சர்வீஸ் நம்பர், ரேங்க், அப்பா பேரு, கிராமம், தாலுகா, அன்னைக்கு இருந்த ஜில்லா, இதெல்லாம் எழுதணும். வந்தவாசின்னா நான் முதல்ல திருவண்ணாமலைன்னு எழுதினேன், அப்ப அது வட ஆற்காடு ஜில்லா. பேரை இங்கிலீஷ்ல எந்த கிளார்க் எப்படி எழுதினாரோ அப்படியேதான் ரெக்கார்டுல இருக்கும், நாலு விதமா எழுதிக் குடுங்க. எனக்கு பதில் வர மாசக்கணக்குல ஆச்சு, ஆனா வந்துச்சு. 1943ல தாத்தா அந்தக் கம்பெனிக்குப் போன தேதி, 1945ல வெளிய வந்த தேதி.

அந்த ரெண்டு தேதிக்கு நடுவுல இத்தாலியில கசினோங்கிற ஊர்ல ஜெர்மன்காரங்களோட நடந்த பெரிய சண்டை இருக்கு. 1944 பிப்ரவரி 15 மலை மேல இருந்த மடத்தைக் குண்டு போட்டுத் தரைமட்டமாக்கினாங்க, அதைத் தொடர்ந்து நாலாவது டிவிஷன் அந்த மலை மேல ஏறிச்சு. அங்கேருந்து கொஞ்ச தூரத்துல மிக்னானோன்னு ஒரு ஊர். பிப்ரவரி 24 அங்க இதே 11வது கம்பெனி ஆளுங்க கண்ணிவெடி எடுத்துட்டு இருந்தாங்க, கூட இருந்தவர் ஒருத்தரோட கால் பட்டு வெடி கிளம்பிடுச்சு, அது வெடிக்கிறதுக்குள்ள இருக்கிற அந்த நொடிகள்ல சுபேதார் சுப்பிரமணியன் அது மேல பாய்ஞ்சு விழுந்து தன் உடம்பால மூடிட்டார். மத்தவங்க பொழைச்சாங்க. அவர் காஞ்சிபுரம் பக்கம் கீழ்ஒட்டிவாக்கத்துக்காரர். அவருக்கு இறந்த பிறகு ஜார்ஜ் கிராஸ் குடுத்தாங்க, எதிரியோட நேருக்கு நேர் மோதற சண்டையில இல்லாம காட்டற வீரத்துக்கு பிரிட்டிஷ்காரங்க குடுக்கிற பெரிய விருது அது, அந்த விருது வாங்கின முதல் இந்தியர்னு மெட்ராஸ் சாப்பர்ஸ் இன்னைக்கும் சொல்றாங்க. நம்ம ஊர்ல இருந்து கார்ல ரெண்டு மணி நேரத்துல இருக்கு அந்த கிராமம், எத்தனை பேருக்கு அவர் பேரு தெரியும் சொல்லுங்க.

எங்க தாத்தா அன்னைக்கு அந்த இடத்துல நின்னார்னு நான் சொல்ல மாட்டேன். அந்தக் கம்பெனியில இருந்தார், பேப்பர் அவ்வளவுதான் சொல்லுது, அதுக்கு மேல ஒட்ட வைக்கிறது அவருக்கும் சுபேதாருக்கும் செய்யற துரோகம். நீங்களும் ஆசையில கோடு தாண்டாதீங்க.

எல்லாம் கிடைச்சப்புறம் ஒரு நாள் ராத்திரி அம்மாவை உக்கார வச்சுப் படிச்சுக் காட்டினேன். பின்வாங்கற ஜெர்மன்காரங்க வீட்டுக் கதவுல, தரையில கிடக்கிற சாமான்ல எல்லாம் வெடியைக் கோத்து வச்சுட்டுப் போவாங்க, தொட்டா, உதைச்சா வெடிக்கும், அதையெல்லாம் சாப்பர்ஸ்தான் பயோனெட், அதாவது துப்பாக்கியில மாட்டற கத்தி, அதோட முனையால மண்ணைக் குத்திக் குத்திப் பார்த்து எடுக்கணும்னு சொல்லிட்டு இருந்தேன். அம்மா பாதியிலயே "நிறுத்து"ன்னாங்க. கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னாங்க, "உங்க சின்ன மாமா ஒரு நாள் தெருவுல கிடந்த பால் டப்பாவை ஸ்கூல் விட்டு வரும்போது உதைச்சுக்கிட்டே வந்தான்டா. அப்பா யாரையும் கை நீட்டினதே இல்ல. அன்னைக்கு ஓடிப் போயி அவனை அப்படியே வாரித் தூக்கி திண்ணையில போட்டு அடிச்சார். அடிச்சுட்டு, அந்த டப்பா பக்கத்துல முட்டி போட்டு உக்காந்து, அதைத் தொடாம பார்த்துக்கிட்டே இருந்தார். பைத்தியம் புடிச்சுடுச்சுன்னு நாங்க நினைச்சோம்."