அந்த 875 ரூபா எங்க போச்சு?

ஹலோ மக்களே, மைக் வேலை செய்யுதா... ம், செய்யுது. இன்னிக்கு எங்க வீட்டுச் சண்டையில இருந்தே ஆரம்பிக்கிறேன். 2025 செப்டம்பர் 22-ல இருந்து ஏசிக்கு ஜிஎஸ்டி 28 பர்சன்ட்ல இருந்து 18 ஆச்சுல்ல? அம்மா உடனே மனக்கணக்கு போட்டுட்டாங்க. "நாப்பதாயிரம் ரூபா ஏசி, பத்து பர்சன்ட் போனா முப்பத்தாறாயிரம். கடைக்காரன் 36,875-ங்கிறான். 875 ரூபாயை அமுக்கிட்டான்டா!"

பாவம், அந்த மனுஷன் சரியாத்தான் சொல்லியிருக்கார்.

வரி போடுறது நாப்பதாயிரத்துக்கு இல்ல, வரிக்கு முந்தின விலைக்கு. அது 31,250. அதுல 28 பர்சன்ட் 8,750, சேர்த்தா நாப்பதாயிரம். இப்போ 18 பர்சன்ட்னா 5,625, சேர்த்தா 36,875. குறைஞ்சது 3,125 ரூபா. இதைப் பழைய விலையால, அதாவது 40,000-ஆல வகுத்து நூறால பெருக்குங்க. 7.8 வரும். விலை குறைஞ்சது அவ்வளவுதான். பத்து குறைஞ்சது வரி விகிதத்துல.

இன்னொரு கூத்து கேளுங்க. அதே 3,125-ஐ பழைய வரித்தொகை 8,750-ஆல வகுத்தா கிட்டத்தட்ட 36 பர்சன்ட்! விளம்பரத்துல எதைப் போடுவாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

சரி, நாளைக்கே வரி திரும்ப 28 ஆச்சுன்னு வைங்க. விலை 7.8 பர்சன்ட் ஏறுமா? ஏறாது, 8.5 ஏறும். ஏறுற தொகை அதே 3,125தான். ஆனா இப்போ பழைய விலை 36,875 ஆயிடுச்சு, அதாலதான் வகுக்கணும். வகுக்கிற எண் சின்னதானா பர்சன்ட் பெருசாகும். ஸ்கூல்ல நான் ஃபார்முலாவை மனப்பாடம் பண்ணேன், ஆனா கீழே எதைப் போடணுங்கிறதுலதான் ஒவ்வொரு பரீட்சையிலயும் மார்க்கைக் கோட்டை விட்டேன்.

ஆடித் தள்ளுபடியில '50% + 20%'னு போர்டு பார்த்திருப்பீங்க. அது எழுபது இல்ல, அறுபது. ஆயிரம் ரூபா சேலை முதல்ல ஐநூறாகுது, அந்த ஐநூறுல இருபது பர்சன்ட் நூறு. நானூறு குடுத்துட்டு வரணும்.

இதெல்லாம் சொல்லி முடிச்சதும் அம்மா கேட்டாங்க, "அப்ப ஷாம்பு? 18-ல இருந்து 5 ஆக்குனாங்களே, பதிமூணு குறையணும்ல?" 118 ரூபா 105 ஆகுது, நீங்களே போட்டுப் பாருங்கன்னு விட்டுட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் அடுப்படியில இருந்து குரல்: "பதினொண்ணு!"