மீன் சாப்பாட்டுக் கடை மேசைக்கு என்ன வாங்கலாம்? பாரிமுனையில் ஒரு சுற்று

வணக்கம் மக்களே. பாரிமுனையில் நிற்கிறேன், ஹாரன் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மாமா பையன் காசிமேட்டில் மீன் சாப்பாட்டுக் கடை போடுகிறான். அடுப்பு, அண்டா எல்லாம் இறங்கியாயிற்று. மேசை மேல் வைக்கிற சாமான்கள்தான் பாக்கி. போனில் படம் பார்த்துப் பார்த்து நீளமாக ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறான். பாதியை வரும் வழியிலேயே அடித்துவிட்டேன்.

முதலில் அடித்தது, ஓட்டை போட்ட உப்புக் குப்பி. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கசியும். கடலோரத்தில் பல நாள் காலையிலேயே அந்த அளவு தாண்டிவிடும். ஓட்டை அடைத்துக்கொள்ளும், சாப்பிட வந்தவர் மேசையில் டொக் டொக்கென்று தட்டுவார், மூடி கழன்று மொத்த உப்பும் குழம்பில் விழும். நாலு அரிசி போட்டால் ஓரளவு ஈரம் குறையும், ஆனால் அந்த அரிசியே வந்து ஓட்டையில் நிற்கும். எனவே மூடி போட்ட சின்னப் பீங்கான் ஜாடி. உள்ளே போடுகிற ஸ்பூன் எவர்சில்வர் வேண்டாம். உப்பிலேயே கிடந்தால் புள்ளி புள்ளியாக அரித்துவிடும்.

அப்புறம் கிண்ணம், டம்ளர். இப்போதுதான் ஒரு கடையில் காந்தத்தை வைத்துக் காட்டி, "ஒட்டல பாருங்க, 304" என்றார்கள். 304, 202 என்பவை எவர்சில்வர் ரகங்களின் எண்கள். அண்ணே, 202-லும்தான் ஒட்டாது! 304-இல் நிக்கல் சுமார் 8 சதவீதம், 202-இல் கிட்டத்தட்ட அதில் பாதி. புளி, உப்பு, வினிகர் படுகிற கிண்ணத்துக்கு, அரிப்பை அதிகம் தாங்கும் 304 கேளுங்கள், பில்லிலும் அப்படியே எழுதி வாங்குங்கள். தண்ணீர் டம்ளருக்கு 202 போதும்.

டம்ளரைக் கையில் எடுத்ததும் விளிம்பைத் தடவிப் பாருங்கள். இதோ, கேமராவில் தெரிகிறதா? சுருட்டிய விளிம்புக்கு அடியில் மெல்லிய இடுக்கு. சோப்புத் தண்ணீர், மீன் வாடை எல்லாம் இங்கேதான் தங்கும். அடுத்து ஒன்றுக்குள் ஒன்று செருகி இழுங்கள். சிக்கினால் வாங்காதீர்கள், பாத்திரம் கழுவுகிற அக்கா தினமும் திட்டுவார்.

டிஷ்யூவுக்குக் கனமான ஸ்டாண்டு, இல்லையென்றால் மின்விசிறிக் காற்றில் பறக்கும். பட்டியலில் பிளாஸ்டிக் ஸ்ட்ராவும் இருக்கிறது; தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை, தம்பி! பல்குச்சி மேசைக்கு மேசை வேண்டாம், கல்லாவில் சோம்புத் தட்டு பக்கத்தில் ஒன்று இருந்தால் போதும்.