சித்தப்பாவின் லைன் வீடுகள்

நேயர்களுக்கு வணக்கம். பத்திரம் எழுதுவது என் தொழில். கோவை, திருப்பூர் பக்கம் லைன் வீடு, அதாவது வரிசையாகக் கட்டி வாடகைக்கு விடும் வீடுகள், வாங்க வருகிறவர்கள் சிலர் சொல்வது இதுதான்: "எங்க சித்தப்பாவோடதுங்க. பாதிப் பணம் இப்போ, மீதி வாடகை வர வர."

கூடவே, தானசெட்டில்மென்ட்டாகப் போட்டால் செலவு குறையுமே என்பார்கள். குறையும்தான். ஆனால் அது பணம் வாங்காமல் கொடுப்பதற்கு. அந்தச் சலுகை பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் என்ற வட்டத்துக்குள்தான். சித்தப்பா அதில் வரமாட்டார். பணம் கைமாறினால் அது கிரயம், அதாவது விற்பனை. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். சொந்தமாச்சே என்று விலையைக் குறைத்துப் போட்டாலும், அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு அதிகமாக இருந்தால் கணக்கு அதன்மேல்தான். வீடுகளின் விலை 40 லட்சம் என்றால் 3,60,000 ரூபாய் தனியாகக் கையில் இருக்க வேண்டும்.

சரி, வாடகைக்கு வருவோம். 5 வீடு, தலைக்கு 5,000 என்றால் மாதம் 25,000. முதல் பாதிக்கு வங்கியில் 20 லட்சம், 9 சதவீத வட்டியில் 15 வருஷக் கடன் வாங்கினால், தவணையே 20,300 ரூபாயை ஒட்டிப் போகும். மிச்சம் 4,700. வீட்டு வரி, மோட்டார் ரிப்பேர், காலியாகக் கிடக்கும் மாதங்கள் எதையும் கழிக்காமல், வங்கித் தவணை முடிகிற வரை அப்படியே கொடுத்தாலும் 15 வருஷத்தில் சித்தப்பாவின் 20 லட்சத்தில் எட்டரை லட்சம்கூடத் தீராது. ஆகவே சம்பளத்திலிருந்து எவ்வளவு போடுவீர்கள் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். ஒரு ரூபாய் வட்டியா, வட்டியே இல்லையா என்பதையும்தான். சித்தப்பா கூச்சப்பட்டுக் கேட்கமாட்டார். சித்தி கேட்பார்.

அடுத்தது, பத்திரத்தில் "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்ற வரி. பாக்கி இருக்கும்போது அதை எழுதச் சொன்னால் நான் ஒப்புவதில்லை. தராத விலைக்காக, விற்றவருக்கு அந்தச் சொத்தின்மேலேயே உரிமை உண்டு என்கிறது சொத்து மாற்றுச் சட்டம். முழுதும் வந்துவிட்டதாக எழுதிவிட்டால், பாக்கி இருப்பதைப் பிறகு நிரூபிப்பது பெரும்பாடு. பாக்கியை எழுதினால் கடன் தரும் வங்கி தயங்கலாம். அதை வங்கியிடமே முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள். புரோநோட்டு மட்டும்தான் என்றால் 3 வருஷக் காலவரம்பு உண்டு. அதற்குள் கொடுத்த தொகையை நோட்டின் பின்பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டால் காலம் புதிதாகத் தொடங்கும்.

20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடனோ முன்பணமோ வாங்கக் கூடாது. வாங்கினால் அதே அளவு அபராதம் வரலாம். உறவு என்று இதில் விலக்கு கிடையாது. எல்லாம் வங்கி வழியாகப் போகட்டும்.

கடைசியாக, குடியிருப்பவர்கள் சித்தப்பாவிடம் கொடுத்து வைத்திருக்கும் அட்வான்ஸ். அவர்கள் காலி செய்யும்போது உங்களிடம்தான் கேட்பார்கள். பதிவுக்கு முன்பே அந்தத் தொகையைக் கிரய விலையில் கழித்துக்கொள்ளுங்கள். வணக்கம்.