இரவு ஷிப்டின் சாவி

நேயர்களுக்கு வணக்கம். சிறுதொழில் முனைவோரின் குணநலன்களுக்கும் அவர்கள் உருவாக்கும் வேலைவாய்ப்புக்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பேசுமாறு என்னை அழைத்திருக்கிறார்கள். நான் ஆய்வாளன் அல்லன். சென்னையில் வங்கியொன்றின் சிறுதொழில் கடன் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். கடன் கொடுப்பதற்கு முன்பும் கொடுத்த பின்பும் கிண்டி, அம்பத்தூர், திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைகளில் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கியதில் கற்றுக்கொண்டதையே இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

சிறுதொழில் கடன் விண்ணப்பத்தில், இத்தொழிலால் எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்று கேட்கும் ஒரு கட்டம் இருக்கும். பத்து என்றோ பதினைந்து என்றோ நிரப்பித் தருவார்கள். நிலைமை எப்படி இருக்கிறது என்பதை ஒரு கணக்கு காட்டுகிறது. 2015-16இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி, தமிழ்நாட்டில் இருந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் 49.48 லட்சம், அவற்றில் வேலை செய்தவர்கள் 96.73 லட்சம் பேர். வகுத்துப் பார்த்தால், ஒரு நிறுவனத்துக்கு இரண்டு பேர்கூட இல்லை, அதுவும் உழைக்கும் உரிமையாளரையும் சேர்த்து. ஆக, நம் தொழில்களில் மிகப் பெரும்பாலானவை தம்மை நடத்துபவருக்கு மட்டுமே வேலை தருகின்றன. மிகச் சிலவே ஐந்து பேர், இருபது பேர், ஐம்பது பேர் என்று வளர்கின்றன. ஒரே தெருவில், ஒரே தொழிலில், ஏறக்குறைய ஒரே முதலீட்டில் தொடங்கியவர்களுக்குள் இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதுதான் என் பணிக்காலம் முழுவதும் என்னை விடாமல் தொடர்ந்த கேள்வி.

தொழில்முனைவோர் என்றதும் நாம் முதலில் சொல்வது துணிச்சல். இதை அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்லீலண்ட் கூர்மையாக ஆராய்ந்தார். நட்டு வைத்த குச்சியில் வளையத்தை எறிந்து மாட்டும் விளையாட்டில் எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதை ஆடுபவர்களே முடிவு செய்யலாம் என்று விட்டபோது, சாதிக்கும் வேட்கை மிகுந்தவர்கள் குச்சியை ஒட்டி நிற்கவும் இல்லை, எட்டாத தூரத்துக்குப் போகவும் இல்லை. தம் திறமையால் வெல்லக்கூடிய நடுத்தரத் தூரத்தையே தேர்ந்தெடுத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு குதிப்பவரை நாம் தொழில்முனைவோர் என்று கொண்டாடுகிறோம். ஆனால் என் கடன் ஏடுகளில் நிலைத்து நின்றவர்கள், அடுத்த ஆறு மாதச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று கணக்குப் போட்டுவிட்டு ஆள் எடுத்தவர்களே. ஒரு பெரிய ஆர்டரை நம்பி ஒரே மாதத்தில் இருபது பேரைச் சேர்த்து, அடுத்த தீபாவளிக்குள் அவர்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியவர்களையும் நான் அறிவேன். அப்படி அனுப்பப்பட்டவர் அடுத்த பட்டறையில் வேலை தேடி நிற்கும்போது அவர் முகத்தைப் பார்த்தவர்கள் துணிச்சலைப் பற்றி அவ்வளவு எளிதாகப் பேச மாட்டார்கள்.

துணிச்சலும் வேட்கையும் தொழிலைத் தொடங்கி வைக்கின்றன. ஆட்களைச் சேர்த்துக்கொண்டே போவதற்கு வேறொரு குணம் வேண்டும். அதை நான் ஒப்படைக்கும் மனம் என்று சொல்வேன்.

அம்பத்தூரில் பிற நிறுவனங்கள் தரும் ஆர்டருக்கு வாகன உதிரிபாகங்களைக் கடைந்து தரும் ஜாப் ஒர்க் பட்டறை ஒன்று. உரிமையாளர் லேத் என்னும் கடைசல் இயந்திரத்தில் கைதேர்ந்தவர்; வெர்னியர் அளவுகோலை வைப்பதற்கு முன்பே, விரலால் தடவிப் பார்த்து அளவு கூடியதா குறைந்ததா என்று சொல்லிவிடுவார். எங்கள் கடனில், கணினியால் இயங்கும் சி.என்.சி. கடைசல் இயந்திரம் ஒன்றை வாங்கினார். இரண்டாண்டு கழித்துப் போனபோதும் அதே ஆறு பேர்தான் வேலை செய்தார்கள். ஆர்டர் இல்லையா என்று கேட்டேன். வந்த ஆர்டர்களைத் திருப்பி அனுப்புவதாகச் சொன்னார். அந்த இயந்திரத்துக்கான மாதத் தவணை இருபத்து நான்கு மணி நேரத்துக்கும் சேர்த்துத்தான் போகிறது. இயந்திரம் ஓடுவதோ காலை எட்டரை முதல் இவர் ஷட்டரை இறக்கும் வரை மட்டுமே. இரவு ஷிப்ட் போடலாமே என்றதற்கு அவர் சொன்ன பதிலை நான் மறக்கவில்லை: "பட்டறை திறந்திருந்தால் எனக்கு வீட்டில் தூக்கம் வராது சார்."

புதிய இடம் வேண்டாம், புதிய இயந்திரம் வேண்டாம், புதிய கடனும் வேண்டாம். ஐந்தாறு பேருக்கான வேலை அந்தக் கூரைக்கடியில் ஏற்கெனவே இருந்தது. சாவிக்கொத்தை இன்னொருவர் கையில் கொடுக்க மனம் வராததால் அது இல்லாமலே போயிற்று. இப்படிப் பிறக்காமல் போகும் வேலைகள் எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறுவதில்லை.

இது தனி ஒருவரின் பலவீனம் என்று எண்ணிவிட வேண்டாம். நிக்கோலஸ் புளூம் உள்ளிட்ட பொருளியலாளர்கள் மும்பையை அடுத்த பகுதிகளிலுள்ள நெசவு ஆலைகளில் செய்த ஆய்வு 2013இல் வெளியாயிற்று. அந்த நிறுவனங்களின் அளவோடு மிக நெருக்கமாக ஒத்துப்போனது, தொழிலைக் கவனிக்க உரிமையாளரின் குடும்பத்தில் எத்தனை ஆண்கள் இருக்கிறார்கள் என்ற எண்ணிக்கைதான். குடும்பத்துக்கு வெளியே எவரையும் நம்பிப் பொறுப்பை விடாததால், தம்பியும் மகனும் மருமகனும் தீர்ந்த இடத்தில் ஆலையின் வளர்ச்சியும் நின்றது. சரக்கு இருப்பு, தரம், பராமரிப்பு ஆகியவற்றுக்கு ஒழுங்கான பதிவுமுறையைக் கற்றுக்கொடுத்த ஆலைகளில் முதலாண்டிலேயே உற்பத்தித் திறன் 17 சதவீதம் உயர்ந்ததோடு, உரிமையாளர்கள் பொறுப்பைப் பகிர்ந்து கொடுக்கவும், சில ஆண்டுகளுக்குள் கூடுதல் ஆலைகளைத் திறக்கவும் முடிந்தது. ஏட்டில் எழுதப்பட்டது யார் கையில் இருந்தாலும் சரிபார்க்கக்கூடியதாகிறது. அதன்பின் நம்புவது அவ்வளவு கடினமாக இருப்பதில்லை.

உரிமையாளர்களின் அச்சத்துக்கு அடிப்படையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். உலோகத்தைச் சீவும் விலை உயர்ந்த கார்பைடு இன்சர்ட்டுகள் காணாமல் போவதுண்டு. தொழிலைக் கற்றுக்கொண்ட டர்னர், அதாவது லேத் ஓட்டும் தொழிலாளி, இரண்டு வாடிக்கையாளர்களையும் அழைத்துக்கொண்டு அடுத்த தெருவில் சொந்தப் பட்டறை போட்டுவிடுவதும் நடக்கிறது. பழைய முதலாளிக்கு அது நெஞ்சில் அடித்ததுபோல் இருக்கும் என்பது உண்மையே. ஆயினும் அம்பத்தூரையும், அதற்கு முன்பே 1958இல் உருவான கிண்டியையும் இன்று நிரப்பியிருக்கும் பட்டறைகளில் பலவும் அப்படிக் கிளை பிரிந்து முளைத்தவைதானே. ஒருவர் கற்றுக்கொடுத்ததால் இன்னொருவர் நான்கு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறார் என்றால், அந்த நால்வரையும் கற்றுக்கொடுத்தவரின் கணக்கிலும் நான் எழுதுவேன்.

ஒப்படைப்பதால் விளைந்த வளர்ச்சிக்குச் சென்னையிலேயே ஊரறிந்த எடுத்துக்காட்டு உண்டு. ஆர்.ஜி. சந்திரமோகன் 1970இல் ராயபுரத்தில் 13,000 ரூபாய் முதலீட்டில், ஒருசில பேரோடு குச்சி ஐஸ் தயாரிக்கத் தொடங்கினார். அதுவே பின்னாளில் அருண் ஐஸ்கிரீம் ஆயிற்று. நகரத்தில் பெரிய நிறுவனங்களோடு மோதிக்கொண்டிராமல், அவை எட்டிப் பார்க்காத சிற்றூர்களுக்குப் போய், அங்கங்கே உள்ளூர்க்காரர் ஒருவரை நம்பி அருண் பெயரிலேயே விற்பனை நிலையத்தை ஒப்படைத்தார். அவருடைய தொலைநோக்கைப் பலரும் பாராட்டுகிறார்கள். முன்பின் அறியாத ஊரில் முன்பின் அறியாதவரிடம் தன் பெயரை ஒப்படைத்த அந்த மனத்தையே நான் பெரிதாகக் கருதுகிறேன்.

குணத்தை மட்டும் பேசினால் அது நேர்மையாகாது. சிறுதொழில்களிடம் சரக்கையும் சேவையையும் வாங்கியவர்கள் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தவறினால் கூட்டுவட்டியும் உண்டு. ஆனால் வழக்குப் போட்டால் அடுத்த ஆர்டர் வராது என்று அஞ்சி, நூறு நாள், நூற்றைம்பது நாள் காத்திருப்பவர்களைக் கண்டிருக்கிறேன். சனிக்கிழமை சம்பளத்துக்கே கைமாற்று வாங்குபவரிடம் போய், இன்னும் நான்கு பேரைச் சேர்த்துக்கொள்ளும் மனம் உமக்கு இல்லையே என்று கேட்பது அநியாயம். பணியாளர் எண்ணிக்கை 10 ஆனால் ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் மருத்துவக் காப்பீடு, 20 ஆனால் வருங்கால வைப்பு நிதி என்று வருவதால் ஒன்பதிலும் பத்தொன்பதிலும் நின்றுவிடுபவர்களும் உண்டு. அவர்களிடம் எனக்கு வருத்தமே. வேலைக்கு வந்தவர் நோயில் விழுந்தால் மருத்துவத்துக்கு வழி செய்யும் ஏற்பாட்டைச் செலவாக மட்டும் பார்ப்பவரிடம் நல்ல தொழிலாளி நெடுநாள் தங்குவதில்லை.

குணம் பிறவியிலேயே வருவது, அதை மாற்ற முடியாது என்று சொல்வோருக்கு இரண்டு சான்றுகளைக் காட்டுவேன். 1964இல் ஆந்திரத்தின் காக்கிநாடாவைச் சேர்ந்த சிறு வணிகர்களுக்கு மெக்லீலண்ட் குழுவினர் ஹைதராபாத்தில் சில நாள் பயிற்சி அளித்தார்கள். அதில் கலந்துகொண்டவர்கள், கலந்துகொள்ளாதவர்களைவிடக் கூடுதலாக முதலீடு செய்து, கூடுதலான ஆட்களுக்கு வேலை கொடுத்தார்கள். ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் 1,500 சிறுதொழில் செய்பவர்களிடம் நடந்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. கணக்கு வைத்தல், விற்பனை போன்ற வழக்கமான பாடங்களைப் படித்தவர்களின் இலாபம் உறுதியாகச் சொல்லும்படி உயரவில்லை. யாரும் சொல்லாமலே தானே முன்வந்து செய்வது, தடங்கல் வந்தால் மாற்றுவழி தேடுவது ஆகியவற்றில் பயிற்சி பெற்றவர்களின் இலாபமோ 30 சதவீதம் உயர்ந்தது.

கிண்டியில் தமிழ்நாடு அரசின் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் இருக்கிறது. இத்தகைய பயிற்சிகளில் திட்ட அறிக்கைக்கும் வரிக்கும் கொடுக்கும் நேரத்தில் ஒரு பகுதியை, ஒப்படைப்பதைக் கற்றுக்கொடுக்கவும் ஒதுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். வங்கிகளுக்கும் ஒன்று சொல்வேன். உங்களுக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்துவிட்டால் பட்டறையை யார் திறப்பார் என்று விண்ணப்பதாரரிடம் கேளுங்கள். அடமானப் பத்திரம் சொல்லாததை அந்தப் பதில் சொல்லும்.

அந்த அம்பத்தூர்க்காரரிடம் ஒருநாள் இதையே நான் கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். அடுத்த சில மாதங்களில், ஒவ்வோர் உதிரிபாகத்துக்கும் அளவுகளையும் வேலை வரிசையையும் அட்டையில் எழுதி இயந்திரத்தருகே தொங்கவிட்டார்; பீகாரிலிருந்து வந்திருந்த இளைஞர்களுக்காக அதையே இந்தியிலும் எழுதச் செய்தார். பிறகு, பன்னிரண்டு ஆண்டுகளாகத் தன்னிடம் இருந்த டர்னரிடம் முதலில் பரிசோதனை ஏட்டில் கையெழுத்திடும் பொறுப்பையும், ஆறு மாதம் கழித்துச் சாவியையும் கொடுத்தார். நான் ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாகப் போனபோது இரவு ஷிப்டில் ஏழு பேர் இருந்தார்கள். உரிமையாளரைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் எட்டு மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டதாக அந்த டர்னர்தான் சொன்னார்.

வணக்கம்.